சூசைப்பிள்ளை சம்மாட்டி பாடகர் அல்லர்

1

கடந்த சித்திரையில் ஒரு நாள், பஸ்ஸைக் கடைசித் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது எனக்கொரு மின்னஞ்சல் வந்தது. "அன்புள்ள சூசைப்பிள்ளை சம்மாட்டி" என்று தொடங்கியது. பாட்டின் இணையப் பக்கத்தில் இந்த ஊர் முகவரியைக் கண்டதாகவும், எங்கள் ஊர்த் துறைமுக விழாவில் அரை மணி நேரம் பாட முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள். உங்கள் பாட்டை என் அலுவலகத்தில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று எழுதி, இங்ரிட் என்ற பெண்மணி கையெழுத்துப் போட்டிருந்தார்.

நான் சூசைப்பிள்ளை சம்மாட்டி அல்லன். என் பெயர் றெஜினோல்ட் குரூஸ். நோர்வேயின் மேற்குக் கரையில், வருடத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்கிற ஒரு சிறிய ஊரில் பஸ் ஓட்டுகிறேன். சூசைப்பிள்ளை சம்மாட்டி இருப்பது மன்னார்த் தீவில், என்னுடைய ஊரான ஓலைத்தொடுவாயில். படகும் வலையும் போட்டு ஆட்களை வைத்துத் தொழில் நடத்துபவரை எங்கள் கரையில் சம்மாட்டி என்போம். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மேடையில் ஏறியிருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. மாலை போட ஏறுவார், மாலை வாங்க ஏறுவார். பாட ஏறியதில்லை.

ஆனால் இங்ரிட்டின் அலுவலகத்தில் முணுமுணுக்கும் பாட்டைப் பாடியவர் அவர்தான் என்று உலகம் முழுக்கப் பதிவாகியிருந்தது. பதிந்தது நான்தான். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

2

இங்கே என்னைப் போன்றவர்களைச் சுயாதீன இசைக்கலைஞர் என்கிறார்கள். நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, வீட்டு நிலக்கீழறையில் உடுப்புத் தோய்க்கும் மெசினை நிற்பாட்டிவிட்டு நானே பாடி, நானே ஒலிப்பதிவு செய்து, இணையத்தில் நானே ஏற்றி, பிறகு நானே கேட்பேன். எந்தக் கம்பனிக்கும் நான் கட்டுப்பட்டவன் இல்லை. எந்தக் கம்பனியும் என்னைக் கட்டிப்போட முயன்றதும் இல்லை.

ஒரு காலத்தில் இப்படி இருக்கவில்லை. நான் வந்த புதிதில் தமிழ்க் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் எங்கள் இசைக்குழுவைத்தான் கூப்பிடுவார்கள். கீபோர்ட்டைக் காரின் பின் கதிரையில் குழந்தை போலப் படுக்க வைத்துப் பெல்ட் போட்டுக்கொண்டு பக்கத்து நகரங்களுக்கெல்லாம் போனேன். பிறகு ஒலிநாடா போய் இறுவட்டு வந்தது. இறுவட்டு அடித்து விற்றோம். விற்காததை அன்பளிப்பாகக் கொடுத்தோம். பிறகு இறுவட்டைப் போட்டுக் கேட்க வீடுகளில் கருவி இல்லை என்றார்கள். இப்போது கலியாண மண்டபத்துக்கு மடிக்கணினியோடு ஒருவர் வருகிறார். எங்கள் ஐந்து பேரின் வேலையையும் ஒரு விரலால் செய்துவிட்டு, மற்றக் கையால் வடை சாப்பிடுகிறார்.

பதினைந்து விநாடி வீடியோ போட்டால்தான் இனிப் பிழைக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் முயன்றேன். நான் ஆடியதைப் பார்த்த என் மகள் ஆன், "அப்பா, நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ரெண்டு வருசம் போக வேணும்" என்றாள். அதோடு ஆட்டத்தை விட்டுவிட்டேன். அவளுக்குப் பதினேழு வயது. என் பாட்டை அவள் கேட்பதில்லை. வீட்டில் எந்த நேரமும் காதில் எதையோ மாட்டியிருப்பாள். அதற்குள் ஒலிப்பது என் குரல் அல்ல என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

3

அந்தப் பாட்டு இருக்கும் தொகுப்பு உருவான கதையைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஊர்ப் பெருநாளுக்குப் போயிருந்தேன். கையில் நான் எழுதிய ஐந்து கடற்பாட்டுகள் இருந்தன. நான் பாட, ஊர்க்காரர் பின்பாட்டுப் பாட, ஊரிலேயே பதிய வேண்டும் என்று ஆசை. சம்மாட்டியாரிடம் போய்ச் சொன்னேன். முழுவதையும் கேட்காமலே, "செய்வம். வேற என்ன வேணும்?" என்றார்.

உப்புக்குளத்தில் நௌபர் நானாவின் ஒலிப்பதிவுக் கூடத்தை அவர்தான் பிடித்துத் தந்தார். கரண்ட் அடிக்கடி போனபடியால் ஜெனரேட்டரும் அனுப்பினார். பின்பாட்டுக்கு வந்த இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளுக்கு மூன்று நாளும் அவர் வீட்டிலிருந்துதான் சோறும் கணவாய்க் கறியும் வந்தன. பதிவு நடக்கும்போது ஒரு மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ஓர் இடத்தில் உணர்ச்சிவசப்பட்டு "ஆ! அப்படி!" என்று சத்தம் போட்டுவிட்டார். அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊரில் எதுவும் உபயகாரர் பெயர் இல்லாமல் வெளியே வராது. இன்றைய நவநாள் இன்ன குடும்பத்தின் உபயம், தோரணம் இன்னாரின் உபயம், சோடா இன்னாரின் உபயம். எங்கள் கோவில் காற்றாடியின் ஒவ்வோர் இறகிலும் உபயம் செய்தவரின் பெயர் உண்டு. சுற்றினால் பெயரை வாசிக்க முடியவில்லை என்று அவர் மனம் நொந்ததால், பெருநாள் திருப்பலி முழுக்க அதை நிற்பாட்டி வைத்து எல்லோரும் வியர்த்ததை நானே கண்டிருக்கிறேன். நோட்டீஸ் அடித்தால் உச்சியில், கொட்டை எழுத்தில், உபயகாரர். வேலை செய்தவன் அடியில், "இங்ஙனம்" என்பதற்குப் பக்கத்தில் எங்காவது ஒட்டிக்கொண்டிருப்பான். தன் பெயரைத் தானே மேலே போடுகிறவனை ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பழக்கத்தோடுதான் நோர்வேக்குத் திரும்பி வந்து, கணினியில் பாட்டை ஏற்றும் படிவத்தைத் திறந்தேன். முதற்கட்டத்தில் கலைஞரின் பெயர் கேட்டது. அது என்ன கேட்கிறது என்று விளங்காமல் இல்லை. ஆனால் முதற்கட்டம் அல்லவா? அதில் என் பெயரைப் போட்டுவிட்டு எந்த முகத்தோடு ஊருக்குப் போவேன்? சூசைப்பிள்ளை சம்மாட்டி என்று அடித்தேன். அடுத்த கட்டங்களில் நௌபர் நானா, இளைஞர் மன்றம், கணவாய்க் கறி வைத்த சம்மாட்டியாரின் மனைவி செபஸ்தியம்மா மாமி, ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்ட அண்ணன் என்று வரிசையாகப் போட்டேன். என் பெயர் கடைசியில், "இதர பங்களிப்பு" என்ற இடத்தில், ஜெனரேட்டருக்குக் கீழே வந்தது. பணிவாக நடந்துகொண்டேன் என்ற திருப்தியோடு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

சில வருடமாக இதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

4

பிறகு கழுதை வந்தது. தெருவெல்லாம் திரியும் மன்னார்ப் பட்டணத்துக் கழுதைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு கழுதை நடு ரோட்டில் பஸ்ஸை மறித்துக்கொண்டு நிற்கிறது. சாரதி கோன் அடிக்கிறார். நடத்துனர் இறங்கிக் கும்பிடுகிறார். அது அசையவில்லை. இதை யாரோ படம் பிடித்து, பின்னணியில் என்னுடைய "சோளகக் காத்தே, வழி விடு" என்ற பாட்டைப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டை நான் எழுதியது, சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசிய நாளில் கடலில் காணாமல் போன என் தம்பியை நினைத்து. அழ வேண்டிய பாட்டுக்கு உலகம் முழுக்கச் சிரித்தது. வழி விடாத மாடு, வழி விடாத மாமியார், வழி விடாத பனி என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பாட்டைப் போட்டார்கள். கேட்டவர் தொகை இலட்சக்கணக்கில் ஏறியது. தம்பி இருந்திருந்தால் அவன்தான் முதலில் சிரித்திருப்பான். அதனால் நானும் சிரித்தேன்.

புகழ் முழுவதும் சம்மாட்டியாருக்குப் போனது.

இங்ரிட்டைச் சந்தித்து நிலைமையை விளக்கினேன். என் நோர்வே மொழியில் அது, "நான் அவர் இல்லை, ஆனால் அவராகப் பாடியது நான்" என்று வந்தது. அவர் மரியாதையாகத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் பாட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், திருத்திக்கொண்டு வாருங்கள், அதுவரை உங்கள் இடத்தை வைத்திருக்கிறேன் என்றார்.

பாட்டை ஏற்றும் நிறுவனத்துக்கு எழுதினேன். "அன்புள்ள சூசைப்பிள்ளை, நீங்கள் சூசைப்பிள்ளை இல்லை என்பதைப் புரிந்துகொள்கிறோம்" என்று பதில் வந்தது. எழுதியது மெசின் என்று ஆன் சொன்னாள். நாலைந்து கடிதத்துக்குப் பிறகு மெசின் ஒரு நிபந்தனையைச் சொன்னது. சூசைப்பிள்ளை சம்மாட்டி என்பவர், தான் அந்தப் பாட்டுகளைப் பாடவில்லை என்று எழுதி, அரசாங்க அலுவலர் ஒருவரின் முத்திரையோடு தர வேண்டும்.

5

வீடியோ அழைப்பில் சம்மாட்டியாரைப் பிடித்தேன். மனிதர் தலைமயிருக்குக் கறுப்படித்திருந்தார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"சம்மாட்டியார், ஒரு சின்னக் கடிதம் வேணும்" என்று விசயத்தைச் சொன்னேன்.

"தரலாம் தம்பி, தராமல் என்ன" என்றார். "ஆனா இப்ப உடன குடுத்தா சனம் என்ன கதைக்கும்? நேற்றும் மீன் சந்தையில ரெண்டு பெட்டையள் வந்து படம் எடுத்தவளவை. தலைமன்னாரில இருந்து ஒரு வாத்தியார் பொன்னாடையோட வந்தவர். அந்த மனிசனுக்கு நான் என்ன முகத்தைக் காட்டுறது?"

"நீங்கள் பாடேல்லையே!"

"'ஆ! அப்படி!' எண்டு அதில கத்தினது ஆர்? அதுகும் பாட்டுக்குள்ளதானே கிடக்கு?"

பின்னால் மாமியின் குரல் கேட்டது. "இந்த மனிசன் கோவில்லயும் வாயைத் திறக்கிறேல்லை றெஜி. பொன்னாடை போத்தினதில இருந்து கண்ணாடிக்கு முன்னால நிண்டு செருமுறார்."

"பெருநாள் முடியட்டும், பாப்பம்" என்று அழைப்பைத் துண்டித்துவிட்டார். பெருநாள் முடிவதற்குள் இங்ரிட்டின் விழா முடிந்துவிடும்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வயதான ஆட்களைப் பராமரிக்கும் இல்லத்தில் வேலை செய்யும் என் மனைவி பிலோமினாவுக்கு முகத்தைப் பார்த்தே நோய் சொல்லத் தெரியும். "பாட்டுக் கேக்குதுகள்தானே, பிறகென்ன?" என்றாள். எனக்குப் பெயர் வேண்டும் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான், ஐம்பத்து நாலு வயது வரைக்கும் அந்த வார்த்தையை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை என்று விளங்கியது. மண்டபம் மண்டபமாக எத்தனை வருடம் வாசித்தேன்? நோட்டீசில் "மற்றும் குழுவினர்" என்றுதான் வந்தேன். ஒரே ஒரு முறை, ஒரு சுவரொட்டியில், என் பெயர் மட்டும் இருக்க வேண்டும். ஆசைப்பட்டுவிட்டேன். ஆன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

பத்து நாள் கழித்துச் சம்மாட்டியாரே தொலைபேசி எடுத்தார். நான் அப்போது தரிப்பிடத்தில் நின்றேன்.

"தம்பி! அந்தக் கடிதம் எப்பிடி எழுத வேணும்? கெதியாச் சொல்லு!"

ஊரில் கலாசார விழாவாம். பிரபல பாடகர் சூசைப்பிள்ளை சம்மாட்டிக்கு விருது. விருதை வாங்கிய பின் இரண்டு பாட்டுப் பாட வேண்டும். அழைப்பிதழும் அச்சடித்தாகிவிட்டதாம். "எனக்கு நித்திரை இல்லை றெஜி. நான் புயலுக்குள்ள வலை இழுத்தவன். இது மட்டும் என்னால ஏலாது" என்றார். பாவமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. இரண்டில் எது கூடுதல் என்று நான் எழுதப் போவதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை மாமிதான் தொலைபேசியில் சொன்னார், மூச்சுவிட முடியாமல் சிரித்துச் சிரித்து. இருவரும் கிராம அலுவலரிடம் போயிருக்கிறார்கள். ஊர் இன்னமும் விதானையார் என்றுதான் அவரைக் கூப்பிடும். புதிதாக வந்த இளம் மனிதர், எல்லாம் சட்டப்படி. அதோடு விழாக் குழுவின் செயலாளரும் அவர்தான்.

"ஐயா, வதிவிடத்துக்கு என்னட்டைப் படிவம் இருக்கு" என்றாராம். "நன்னடத்தைக்கு இருக்கு. உயிரோட இருக்கிறதுக்கும் இருக்கு. பாடகர் இல்லை எண்டதுக்குப் படிவம் இல்லை. அதுகும் நீங்கள் தன்னடக்கத்தில சொல்லுறீங்களோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்ப நான் என்ன செய்ய?" என்று சம்மாட்டியார் கேட்க, "ஒருக்காப் பாடிக் காட்டுங்கோ" என்றாராம் விதானையார்.

கந்தோர் நிறையச் சனம். சமுர்த்தி உதவிப் பணத்துக்கு வந்தவர்கள், காணிப் பிரச்சினைக்கு வந்தவர்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண். சம்மாட்டியார் எழுந்து, சேர்ட்டை இழுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "சோளகக் காத்தே" என்று தொடங்கினார். கைக்குழந்தை வீரிட்டது. "வழி விடு" வரை போகவில்லை. விதானையார் முத்திரையை எடுத்துவிட்டார்.

கடிதத்தின் படம் அன்றைக்கே எனக்கு வந்தது. "மேற்படி சூசைப்பிள்ளை சம்மாட்டி என்பவர் எனது பிரிவில் நிரந்தரமாக வதிபவர் என்பதையும், நன்னடத்தை உடையவர் என்பதையும், பாடகர் அல்லர் என்பதையும் நேரில் கேட்டு உறுதிப்படுத்துகிறேன்." ஒஸ்லோவில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் தொலைபேசி எடுத்து, "அண்ணை, கடைசி வரியை இப்பிடியே போடட்டோ?" என்று கேட்டார். ஓம், அப்படியே போடுங்கோ என்றேன்.

6

மெசின் ஏற்றுக்கொண்டது. ஆனால் கலைஞர் மாறினால் அது வேறு வெளியீடு. பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். ஏற்றினேன். முதற்கட்டத்தில் றெஜினோல்ட் குரூஸ் என்று அடிக்கும்போது விரல் கூசியது. அந்த இலட்சக்கணக்கான ஆட்கள் சம்மாட்டியாரோடேயே போய்விட்டார்கள். என் பக்கத்தில், கேட்டவர் தொகை என்ற இடத்தில், பூச்சியம் நின்றது.

இங்ரிட் தொலைபேசி எடுத்தார். நல்ல மனம் படைத்த பெண். "சுவரொட்டி நாளைக்கு அச்சுக்குப் போகிறது. பழைய பெயரை எல்லோருக்கும் தெரியும். உங்களை யாருக்கும் தெரியாது. சம்மாட்டியின் பாடல்கள் என்று பெரிதாகப் போட்டு, உங்கள் பெயரைக் கீழே போடட்டுமா? மாலை ஆறு மணி மேடை தரலாம். உங்கள் பெயரை மட்டும் போட்டால், காலை பதினொரு மணிதான் இருக்கிறது, மீன் சூப் போட்டிக்குப் பக்கத்தில்."

ஒலிபெருக்கியில் போட்டிருந்தபடியால் வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. பிலோமினா சூப் பக்கம் நிற்கச் சொல்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று தெரியவில்லை, தோளை மட்டும் குலுக்கினாள். ஆன், "ஆறு மணிதான் புத்தி, அப்பா" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா பதினொரு மணிக்கு எனக்கு வகுப்பு இல்லை" என்றாள்.

பதினொரு மணி என்றேன்.

விழா நாளன்று மழை. எங்களூரில் அது செய்தியே இல்லை. மேடைக்கு எதிரே கூடாரத்துக்குள் சூப் வாங்க வரிசை நின்றது. வரிசையை விட்டால் இடம் போய்விடும் என்பதால் அவர்கள் என்னைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கம்பத்தில் சுவரொட்டி தொங்கியது. என் பெயர், என் பெயர் மட்டும். நாலு தரம் வாசித்தேன். ஆன் குடையோடு முன்னால் நின்றாள், பள்ளித் தோழிகள் யாரும் வரவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு.

மேடைக்குப் பின்னால் நின்று, பதற்றத்தில் தொலைபேசியைத் திறந்து பார்த்தேன். பூச்சியம் ஒன்றாகியிருந்தது. எந்த ஊர் என்று காட்டும் இடத்தில் மன்னார் என்றிருந்தது. எனக்குத் தெரிந்து மன்னாரில் இப்படி ஒரு பக்கம் இருப்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சம்மாட்டியார், பாட்டுக் கேட்டனீங்களோ?"

"ஆர், நானோ?" என்றார். "எனக்கென்ன வேலை இல்லையே? உன்ட பேரைச் சரியாப் போட்டிருக்கிறாங்களோ எண்டு பாக்கப் போனனான். சரியாத்தான் கிடக்கு. நீ போய்ப் பாடு."

ஐந்து பாட்டையும், ஒவ்வொன்றாக, முடிவு வரைக்கும் கேட்டிருக்கிறார் என்று திரை காட்டியது. நான் அதைச் சொல்லவில்லை. "ஓம், போறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடையில் ஏறினேன்.